துரு பிடிக்காத இடங்கள்

“இது ஓடுற வண்டி இல்லடா. செத்த வண்டி.”

அப்பா இதைச் சொன்னபோது என் கையில் இருந்தது நான்கு மாத உழைப்பு. 1/35 அளவில் ஒரு டி-72 டாங்கின் பிளாஸ்டிக் மாடல். ஒட்டி, பெயின்ட் அடித்து, முதல்முறையாக முழுசாக ‘வெதரிங்’ செய்து முடித்திருந்தேன். பக்கவாட்டுத் தகடுகளில் துரு வழிந்திருந்தது. சக்கரங்களின் விளிம்பெல்லாம் துரு. பீரங்கிக் குழாயின் உறையில்கூட நுரைத்துண்டால் பொட்டுப் பொட்டாக ஒற்றி, காவி நிறத்தில் பெயின்ட் உரிந்த மாதிரி செய்திருந்தேன். படம் பிடித்துப் போட்ட இடங்களில் எல்லோரும் பாராட்டினார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகுதான் அந்த வார்த்தை வந்தது.

வேறு யார் சொல்லியிருந்தாலும் கடந்துபோயிருப்பேன். அப்பா ஆவடி டாங்க் பேக்டரியில் 1981ல் பிட்டராகச் சேர்ந்தவர். 2019ல் ஓய்வு பெற்றார். அதில் பிற்பாதி முழுக்க ஓவர்ஹால் ஷாப். புதிதாகச் செய்து வெளியே அனுப்பும் வண்டியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பல வருஷம் ஓடிக் களைத்து, பிரித்து மேய்வதற்காகத் திரும்பி வரும் வண்டியைத் தினமும் தொட்டவர் அவர். அந்த ஷாப்பில் டாங்க் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘வண்டி’தான். வீட்டிலும் எங்களுக்கு அதே பழக்கம்.

வெதரிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி பெயின்ட் அடித்து முடித்ததும் அது பொம்மைக் கடையில் இருக்கும் பொருள் மாதிரிதான் தெரியும். வெயில், மழை, தூசி, சேறு, எண்ணெய், ஆள் ஏறி இறங்கிய தேய்மானம், இவையெல்லாம் அதன்மேல் ஏறினால்தான் கண்ணுக்கு அது நாற்பது டன் இரும்பாகத் தெரியும். இதற்கென்றே தனிப் பெயின்ட்டுகள், பொடிகள், எண்ணெய்கள் வந்துவிட்டன. மிக் ஹிமேனெஸ் போன்ற ஸ்பெயின்காரர்கள் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இதை ஓவியக்கலை அளவுக்குக் கொண்டுபோனார்கள். நான் கற்றுக்கொண்டதும் அவர்களைப் பார்த்துத்தான்.

ஆனால் அவர்கள் அதிகம் செய்தது இரண்டாம் உலகப்போர் டாங்குகள். அவற்றில் பல தொழிற்சாலையைவிட்டு வந்து சில மாதங்களே உயிரோடு இருந்தவை. அவசரமாக அடித்த பெயின்ட், கழுவ நேரமில்லை, அடுத்த வாரமே எரிந்துபோகும். நம் காலத்து டாங்கின் வாழ்க்கை முற்றிலும் வேறு மாதிரி. முப்பது நாற்பது வருடம் பணியில் இருக்கும். பயிற்சிக்குப் போய் வந்தால் கழுவுவார்கள். பெயின்ட் மங்கினால் மேலேயே இன்னொரு கோட் அடிப்பார்கள். நான் ஒரு காலத்தின் அழுக்கை இன்னொரு காலத்தின் வண்டிமேல் ஏற்றியிருந்தேன். அதை அன்றைக்கு அப்பா இப்படி விளக்கவில்லை. விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, “இது ரப்பர்” என்றார். “இது அலுமினியம். இதுவும் அலுமினியம்.” அவ்வளவுதான்.

அவர் தொட்ட முதல் இடம் பக்கவாட்டுத் தகடு. டி-72ன் ஒரு வகையான இந்த டி-72எம்1 வண்டியில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான ட்ராக்கின் மேல்பாதியை மறைத்துத் தொங்குவது இரும்புத் தகடு கிடையாது, வலுவூட்டிய ரப்பர். அது கிழியும், அலை அலையாக வளையும், ஓரம் பிய்ந்து தொங்கும். துரு மட்டும் பிடிக்காது. இரண்டாவது, ஒரு பக்கத்துக்கு ஆறு என்று வரிசையாக நிற்கும் பெரிய ரோடு வீல்கள். அவை அலுமினியக் கலவையில் செய்தவை, சுற்றிலும் ரப்பர் டயர். மூன்றாவது, பீரங்கிக் குழாய்மேல் பகுதி பகுதியாகப் போர்த்தியிருக்கும் வெப்ப உறை. வெயில் ஒரு பக்கமாக அடித்துக் குழாய் மயிரிழை வளைந்தாலும் குறி தப்பும் என்பதற்காகப் போட்ட மெல்லிய அலுமினியத் தகடு அது. நசுங்கும், சொட்டையாகும். உரிந்தால் வெள்ளி நிறம்தான் தெரியும்.

ஆக, நான் மிக ஆசையாகத் துரு ஏற்றிய மூன்று இடங்களும் துருவே பிடிக்காத இடங்கள்.

அடுத்த மாதமே அதே கிட்டை இன்னொன்று வாங்கினேன். ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியாவின் டி-72எம்1. 1990ல் வெளிவந்த கிட், என்னைவிட இரண்டு வயது சின்னது. இன்றைக்கு இதைவிட நுணுக்கமான டி-72 கிட்டுகள் பல நிறுவனங்களில் கிடைக்கின்றன. ஆனாலும் தமியாவின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நேர்த்தி எனக்கு இன்றும் பிடிக்கும். (இந்த 1/35 என்ற விசித்திரமான அளவே தமியா கொடுத்ததுதான். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு பாந்தர் டாங்க் பொம்மை செய்தார்கள். உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்று. உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.)

ஏன் திரும்பவும் டி-72? கடைசியாக வந்த அர்ஜுன் இல்லையா, டி-90 இல்லையா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆவடியில் முதல் விஜயந்தா டாங்க் 1965ல் வெளியே வந்தது. அப்பா சேர்ந்தபோது அதைச் செய்தவர்கள்தான் அவருக்கு சீனியர்கள். எண்பதுகளின் பின்பாதியில் சோவியத் உரிமத்தோடு டி-72 இங்கேயே உருவாக ஆரம்பித்தது. ராணுவம் அதற்கு வைத்த பெயர் அஜேயா. 2004ல் முதல் அர்ஜுன்கள் படைக்குப் போயின. 2009ல் இங்கே கட்டிய முதல் டி-90 பீஷ்மாக்கள் போயின. இதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. ஆனால் அப்பாவின் கை அதிகம் பழகியது அஜேயாவோடுதான். அவர் பிரித்ததும் பூட்டியதும் அதுதான். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் பக்கத்து அறையில் இருக்கும்போது வேறு வண்டியை ஏன் செய்ய வேண்டும்? வெடிப்புக் கவசப் பெட்டிகள் (எதிரியின் குண்டு பட்டதும் தானே வெடித்து அதைத் தடுப்பவை) ஏதும் பொருத்தாத, ஆரம்பகால அஜேயாவாகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

ஒட்டும் வேலையை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு ஜோடி வீல், இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்துநான்கு வட்டுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் வார்த்தெடுத்த அச்சின் கோடு இருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். மாடலிங்கில் இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆறு வட்டு தேய்த்துவிட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மிச்சம் பதினெட்டையும் அப்பா முடித்து, பழைய தினத்தந்தியின்மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். என்னுடையவற்றைவிட அவருடையவை வட்டமாக இருந்தன.

டரட்டுக்கு, அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூண்டுக்கு, மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டேன். டி-72எம்1 டரட் வார்ப்பில் செய்தது. தகடுகளை வெல்டிங் செய்து கட்டியதில்லை என்பதால் அதன் தோல் வழவழப்பாக இருக்கக் கூடாது. வழக்கமான முறை இது: பிளாஸ்டிக்கை இளக்கும் திரவ சிமென்ட்டை மேலே பூசி, அது நெகிழ்ந்திருக்கும்போதே பழைய டூத் பிரஷ்ஷால் குத்துவது. முதலில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குத்தி வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, “வார்ப்புன்னா மணல் அச்சுடா. மணலோட தோல்தான் இரும்புக்கும் வரும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எப்படி வரும்?” என்றார். சில இடங்களில் உப்புத்தாளால் திரும்பவும் மழித்தேன். நடுவில் ஒரு பக்கம் சொரசொரப்பு, கீழ்ப்பக்கம் கொஞ்சம் மழுமழுப்பு. பெயின்ட் ஏறிய பிறகு அந்த ஒழுங்கின்மைதான் அதற்கு எடையைக் கொடுத்தது.

எடை என்றதும் ட்ராக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த கிட்டில் ட்ராக் ரப்பர் மாதிரி வளையும் ஒற்றைப் பட்டையாக வரும். மாட்டினால் மேலே நேராக விறைத்து நிற்கும். உண்மையான வண்டியில் மேலே இருக்கும் மூன்று சின்ன உருளைகளுக்கு நடுவே ட்ராக் தன் கனத்தில் தொய்ந்து தொங்கும். ஏன் நமக்கு அப்படி வருவதில்லை என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் 35ல் ஒன்று என்றால், அகலமும் உயரமும் அப்படியே. ஆகவே எடை 35ஐ மூன்று முறை பெருக்கி வரும் 42,875ல் ஒன்று. நிஜ வண்டி 41.5 டன். அதே இரும்பும் அதே கனமுமாக அச்சு அசலாகச் சுருக்கினால் சுமார் 970 கிராம் வரும். ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டின் கனம். என் கையில் இருந்த பிளாஸ்டிக் அதில் பாதிகூட இல்லை. அப்பாவிடம் சொன்னபோது ரொம்ப ரசித்தார். சமையலறைக்குப் போய் உண்மையிலேயே ஒரு பருப்பு பாக்கெட்டை எடுத்துவந்து, ஒரு கையில் பாக்கெட், ஒரு கையில் மாடல் என்று தூக்கிப் பார்த்தார்.

இல்லாத எடையைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் இந்தக் கலை முழுவதும் என்று எனக்கு அப்போது தோன்றியது. ட்ராக்கை உருளைகளுக்கு நடுவே குண்டூசியால் அழுத்திப் பிடித்து, பக்கவாட்டில் பசை வைத்து தொய்வை உண்டாக்கினேன். பக்கவாட்டில் தொங்கும் ரப்பர் தகடு பாதியை மறைத்துவிடும். ஆனாலும் முன்னாலிருந்து பார்த்தால் அந்தத் தொய்வு தெரியும்.

பெயின்ட் அடிப்பதில் சென்னைக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. மே மாதத்தில் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் துளி வண்டியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மேற்பரப்பில் ரவை தூவிய மாதிரி விழும். பெயின்ட்டில் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்த்து, விடியற்காலை ஐந்தரைக்கு மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து அடிப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர் எதிர். காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேட் வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துவிடும். அடைமழை நாளில் வார்னிஷ் டப்பாவைத் திறக்கவே கூடாது.

பச்சைமேல் மணல் நிறப் பட்டைகள். பட்டை காய்ந்ததும் உரிதல்களைச் செய்ய வேண்டும். இதற்குப் பல வழிகள் உண்டு. கீழ்நிறத்தின்மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, அதன்மேல் பெயின்ட் அடித்து, தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் வருடினால் மேல்பெயின்ட் செதில் செதிலாகக் கழலும். கல் உப்பை ஈரமாக ஒட்டவைத்து அடிப்பது அதற்கும் பழைய முறை. முதல் மாடலில் நான் இதையெல்லாம் தாராளமாகச் செய்திருந்தேன். இந்த முறை கையில் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். மாடலில் ஒரு மில்லிமீட்டர் உரிதல் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். தீப்பெட்டி அகலம். அந்த அளவுக்குப் பெயின்ட் பெயர வேண்டுமென்றால் ஸ்பேனர் விழுந்திருக்க வேண்டும், அல்லது மரத்தில் இடித்திருக்க வேண்டும். வண்டி முழுக்க அப்படி நூறு இடம் எப்படி இருக்கும்?

பெயின்ட் போனால் கீழே என்ன தெரியும் என்று அப்பாவிடம் கேட்டேன். “பழைய பெயின்ட் தெரியும்” என்றார். எனக்கு அந்தப் பதில் புதிது. நான் இரும்பையும் துருவையும்தான் நினைத்திருந்தேன். “எங்ககிட்ட வர்ற வண்டியில நாலு கோட் இருக்கும்டா. ஓரமெல்லாம் பெயின்ட் மொத்தமாகி உருண்டு கிடக்கும். சொரண்டினா உள்ள வேற பச்சை, அதுக்குள்ள இன்னொரு பச்சை. இரும்பு தெரியிற இடம் கைப்பிடியும் கால் வைக்கிற இடமும்தான்.”

அதனால் ஹேர் ஸ்ப்ரேயை உள்ளே வைத்துவிட்டேன். கொஞ்சம் மங்கிய, கொஞ்சம் நீலம் கலந்த இன்னொரு பச்சையைக் கலந்து, மூன்று முடி உள்ள பிரஷ்ஷால் ஓரங்களில் மட்டும் தீட்டினேன். துரு நிறம் வண்டி முழுவதும் ஏழெட்டு இடத்தில்தான். எல்லாம் ஹேட்ச் (ஆள் ஏறி இறங்கும் வாயின் மூடி) விளிம்பு, கொக்கி, இழுவைக் கம்பி உராயும் இடம். ஒரு மாலையில் அந்த வேலை முடிந்துவிட்டது. முதல் மாடலில் இதற்கே மூன்று வாரம் செலவழித்திருந்தேன்.

பிறகு பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் எனாமல் வாஷ். இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. காய்ந்த அக்ரிலிக்கை டர்பன்டைன் கரைக்காது. எனாமலை மட்டும் கரைக்கும். ஆகவே மேலே என்ன தப்பு செய்தாலும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், கீழே உள்ள பச்சை அசையாது. வாஷ் என்பது நீர்க்கக் கரைத்த அடர் பழுப்பு. அதைத் தொட்ட பிரஷ் நுனியை ஒரு போல்ட் தலையின் அடியில் வைத்தால் போதும். திரவம் தானாகவே போல்ட்டைச் சுற்றி ஓடி ஒரு வளையம் போட்டுவிட்டு நிற்கும். எஞ்சின் மூடியில் அப்படி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவேன். மணி பதினொன்று, பன்னிரண்டு ஆகும். நான் அறிந்தவற்றில் மனசு இவ்வளவு அமைதியாகும் வேலை வேறு இல்லை.

அந்த அமைதியில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அடிப்பக்கம்தானே என்று சஸ்பென்ஷன் பகுதியில் வாஷை ஊற்றுகிற மாதிரி நனைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. இடது பக்கம் இரண்டு வீல்களைத் தாங்கும் கைகள் வேரோடு விரிசல் விட்டிருந்தன. பெயின்ட் படாத மூலைகளில் தேங்கிய டர்பன்டைன், ஏற்கெனவே இறுக்கத்தில் இருந்த பிளாஸ்டிக்குக்குள் இறங்கி அதை நொறுக்கிவிடும். புத்தியில் இது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அன்று ஆபீசுக்குப் போய் ஒரு வேலையும் ஓடவில்லை.

மாலை வீட்டுக்கு வந்தபோது அப்பா மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பித்தளைக் கம்பியை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி வைத்திருந்தார். நான் கையால் திருகும் அரை மில்லிமீட்டர் டிரில்லை எடுத்து, உடைந்த கையின் இரண்டு முனையிலும் துளை போட்டிருந்தார். “உள்ள பின் போட்டா போதும். நிஜ வண்டியில இதுக்குப் பதிலா டார்ஷன் பார் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.” அந்த இரண்டு சக்கரங்களும் இன்று மற்ற பத்தையும்விட உறுதியாக நிற்கின்றன.

கடைசிக் கட்டம் தூசி. நான் அதிகம் யோசித்த கட்டமும் இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஜெய்சல்மேர் போயிருந்தபோது லோங்கேவாலாவுக்கும் போனேன். 1971 டிசம்பரில் சண்டை நடந்த இடம். பிடிபட்ட பாகிஸ்தான் டாங்குகளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு சின்ன டப்பாவில் மணல் எடுத்து வந்திருந்தேன், என்றைக்காவது ஒரு பாலைவன வண்டி செய்தால் அதன்மேல் நிஜமான தார் மணலைத் தூவ வேண்டும் என்று. இப்போது அந்த நாள் வந்தது. ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிப் பார்த்தேன். படுமோசம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மணல் ஒன்று 0.2 மில்லிமீட்டர் இருந்தால், 1/35 உலகத்தில் அது ஏழு மில்லிமீட்டர். என் டாங்க்மேல் நான் கொட்டியது தூசியே இல்லை, கொண்டைக்கடலை. அந்த மண்ணிலிருந்தே வந்த உண்மையான மணல், உண்மையாக இருந்தும் பொய்யாகத் தெரிந்தது.

டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, ஓவியர்கள் வரையும் சாக் பாஸ்டல் கட்டிகளை வாங்கிவந்தேன். வெளிர் மஞ்சள், சாம்பல், ஒரு துளி பழுப்பு. அம்மிக்குழவியால் அரைத்து மெல்லிய வாயில் துணியில் இரண்டு முறை சலித்தால் விரலில் பட்டு மாதிரி வழுக்கும் பொடி வந்தது. அப்பா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, “இது. இதுதான் வரும்” என்றார். “ராஜஸ்தான்லேர்ந்து வர்ற வண்டியோட அடித்தட்டைத் தொறந்தா மணல் கொட்டும். ஆனா பேனலுக்குப் பின்னாடி, வயருக்கு இடையில இருக்கிறது மணல் இல்ல, மாவு. மூக்குல ஏறினா ரெண்டு நாள் போகாது.”

எங்கே தூவுவது என்பதற்கு அவரிடம் ஒரு தெளிவான விதி இருந்தது, அதை விதி என்று அவர் சொல்லாவிட்டாலும். தூசி எதில் ஒட்டும் என்று பார்க்க வேண்டும். எண்ணெய் கசியும் இடத்தில் தூசி நிற்கும். பின்னால் ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை ஓட்டும் பகுதி, ரோடு வீலின் நடு மூடி, டீசல் ஊற்றும் வாய், இங்கெல்லாம் ஈரத்தில் தூசி படிந்து, அதன்மேல் எண்ணெய் ஊறி, மறுபடி தூசி படிந்து கருப்பான மேலோடு மாதிரி ஆகியிருக்கும். “கசியாத வண்டின்னு ஒண்ணு கிடையாது. சுத்தமா இருக்கிற ஹப்பைப் பாத்தாதான் நாங்க சந்தேகப்படுவோம். உள்ள எண்ணெயே இல்லையோன்னு.”

ஆள் நடமாடும் இடத்தில் தூசி நிற்காது. கமாண்டர் வலது பக்கம், கன்னர் இடது பக்கம், டிரைவர் முன்னால் நட்டநடுவில். மூன்றே பேர், குண்டு நிரப்பும் நான்காவது ஆளின் வேலையை எந்திரம் பார்த்துக்கொள்கிறது. இந்த மூன்று பேர் எந்த வழியில் ஏறுவார்கள், எதைப் பிடிப்பார்கள், எங்கே உட்காருவார்கள் என்று அப்பா பென்சிலால் ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்த வழிகளில் எல்லாம் பொடியைப் பஞ்சால் துடைத்து, கொஞ்சம் பளபளப்பை விட்டேன். ட்ராக்கின் உள்பக்கம் வீல் உருளும் தடத்தில் பென்சில் கிராபைட் தேய்த்தேன், அங்கே எஃகு எப்போதும் மின்னும். பின்பக்கம் இடது பென்டரில் புகைபோக்கி. அதைச் சுற்றிக் கரி. ஆனால் கரியையும் தனியாக விடக் கூடாது, புகை வீசும் திசையில் தூசியை அது ஊதித் தள்ளியிருக்கும். அங்கே தூசி இல்லாமல் கரி மட்டும், கொஞ்சம் தள்ளி இரண்டும் கலந்து, அதற்கும் அப்பால் தூசி மட்டும்.

பொடியை நிலைநிறுத்த டர்பன்டைனைத் துளித் துளியாகத் தொட்டு வைத்தேன், இந்த முறை ஊற்றாமல். நனைந்ததும் எல்லாம் மறைந்துபோகும். வேலை வீணாகிவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். பதினைந்து நிமிடம் பொறுத்தால், காயக் காய, தூசி மெல்ல மெல்ல எழும்பி வரும். விளக்கடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் போல்ட்டுகளின் நிழலில், பிறகு எஞ்சின் மூடியின் பள்ளங்களில், கடைசியாகப் பச்சையின் சமதளத்தில், புகை மாதிரி.

அடுத்த நாள் காலை அப்பாவின் முன்னால் வைத்தேன். வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தார். ஹப்பைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். முன்பக்கம் திருப்பியவர், அங்கேயே நின்றுவிட்டார்.

“தண்ணியும் ஒரு சின்ன பிரஷ்ஷும் குடு.”

கொடுத்தேன். டிரைவர் தலைக்கு முன்னால் ஒரே ஒரு அகலமான பெரிஸ்கோப் இருக்கும். மூடி போட்டு ஓட்டும்போது அவனுக்கு உலகமே அந்தக் கண்ணாடி வழியாகத்தான். நான் அதன்மேலும் எல்லா இடத்தையும் போலத் தூசி போட்டிருந்தேன். அப்பா வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார், இப்போதெல்லாம் விரல் கொஞ்சம் நடுங்குகிறது. பிரஷ் நுனியை நனைத்து, டம்ளர் விளிம்பில் வழித்து, கண்ணாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே இழுப்பு. நான்கு மில்லிமீட்டர் இருக்கும். ஓரத்தில் துடைத்துத் தள்ளிய தூசி மெல்லிய பிறை மாதிரி ஒதுங்கி நின்றது. கண்ணாடி கருப்பாக மின்னியது.

“எவ்வளவு அழுக்கா இருந்தாலும் டிரைவர் இதை மட்டும் துடைச்சிருப்பான்” என்றார். பிறகு ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை மறுபடி தண்ணீரில் நனைத்தார்.